சிலுப்பாத கிடா

வெயில் காலத்தில் ஆட்டின் முதுகில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். நான் செய்தது அவ்வளவுதான். பங்குனியில் தொடங்கி வைகாசி வரை செய்தேன்.

பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானதிலிருந்து வீட்டு வேலை முழுக்க என் தலையில். விடிந்ததும் குழாயடியில் பன்னிரண்டு குடம், பிறகு சாணி, பிறகு புளியில் கொட்டை எடுப்பது. அக்கா சத்யா புதுக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம். லீவு நாளில்கூட அவள் கையில் புளி ஒட்டாது. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. மத்தியானம் எச்செம்மை ஓட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடுவேன். எச்செம் எங்கள் கிடா. எங்கள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்கு இருக்கிற அதே தாடியைப் பார்த்து நான் வைத்த பெயர். அந்த இரண்டு மணி நேரம் என்னை யாரும் எதுவும் ஏவமுடியாது.

புதுசாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்காக அப்பா அவனைக் கருப்பருக்கு நேர்ந்துவிட்டிருந்தார். அம்மா அதோடு இன்னொன்றையும் சேர்த்து முடிவு செய்திருந்தாள்.

"வைகாசியில ஒனக்குப் பதினெட்டு முடியுது. கெடா வெட்டுன மறுநா திருப்பூர் மில்லுக்குக் கெளம்பிரு. முனியாயி மக கூட்டிட்டுப் போறேன்னுருக்கா. அதுவரைக்கும் கெடாவைப் பாத்துக்க."

"கெடாவ வெட்டலைன்னா?"

"வெட்டாம, அதுக்குப் பொண்ணா பாக்கப் போறோம்?"

எங்கள் கோயிலில் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. வீட்டில் யாரோ குற்றம் செய்து மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதனால் தினமும் கண்மாயில் ஒரு சொம்பு. எச்செம் அசையாமல் நின்றால் பலாச் சக்கை. சிலுப்பினால் அவன் கண்ணெதிரிலேயே சக்கையை வேறு ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். பத்து நாளில் புரிந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் அவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. கடைசி வாரம் அடுப்படியிலிருந்து மஞ்சளும் எடுத்துப் போய்க் கலந்தேன்.

கோயிலில் பூசாரி கண்ணுசாமி முதல் சொம்பை ஊற்றினார். எச்செம் அப்படியே நின்றான். இரண்டாவது சொம்பு.

"காதுல ஊத்துங்க பூசாரி, கூச்சத்துல ஆட்டும்" என்றார் சித்தப்பா முத்துராஜ்.

காதிலும் ஊற்றினார். ஒன்றுமில்லை. பூசாரி அப்பா பக்கம் திரும்பினார்.

"ரத்தினவேலு, ஒன் குடும்பத்துல குத்தம் இருக்குப்பா. யாரா இருந்தாலும் சாமி முன்னால சொல்லிப்புடுங்க."

முதலில் சித்தப்பாதான் உடைந்தார். "அண்ணே, வரப்ப ஒரு மம்பட்டி அகலம் ஒங்க பக்கம் தள்ளுனது நாந்தான்."

இன்னொரு சொம்பு. எச்செம் வாலைக்கூட ஆட்டவில்லை. அப்பா தலையைச் சொறிந்தார்.

"ஒன் சேவலு போன வருஷம் காணாமப் போச்சுல்ல தம்பி... அது எங்க வீட்டுச் சட்டியிலதான்டா கெடந்துச்சு."

அந்தச் சேவலைப் பக்கத்து வீட்டு மூக்காயியின் நாய்தான் தூக்கியது என்று சித்தப்பா ஊர்ப் பஞ்சாயத்தே கூட்டியிருந்தார். நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

"கெடா அங்கிட்டே பாக்குது, பாருங்க" என்றார் பூசாரி.

எச்செம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சக்கை வரவேண்டியிருந்தது. எல்லாத் தலைகளும் நானும் சத்யாவும் நின்ற பக்கம் திரும்பின. நான் நகர்ந்து சத்யாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது, அதனால்தான்.

சத்யா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, காலேஜ் பஸ்ல வர்ற ஒருத்தர்கூட போன்ல பேசிக்கிட்டிருந்தேன். இனிமே பேசமாட்டேன்ப்பா."

யாரும் கேட்காமலே ரகுநாத் என்று பெயரையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. குற்றம் கிடைத்துவிட்டது. அடுத்த வைகாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பூசாரி கயிற்றை என் கையில் கொடுத்தார்.

சத்யாவின் காலேஜை நிறுத்திவிட்டார்கள். மில்லுக்கு ஆள் வருவதாக ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கிடாவைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஒருத்தி வேண்டும். ஆகவே, போன திங்கட்கிழமை முனியாயி மகளோடு சத்யாதான் போனாள்.

"எல்லாம் என் தப்புதான்டி ரம்யா. எச்செம்ம நல்லாப் பாத்துக்க" என்றாள் பஸ் ஏறும்போது.

"ம்" என்றேன்.

அவளுடைய காலேஜ் பை இப்போது என்னிடம் இருக்கிறது. இதை அவள் பேனாவில்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது.

யோசித்துப் பார்த்தால் நான் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரவர் வாயால் அவரவர் சொன்னார்கள். எதுவும் பொய்யில்லை. அப்பாவும் சித்தப்பாவும்கூட வரப்பைச் சரிசெய்துவிட்டு இப்போது சேர்ந்து டீ குடிக்கிறார்கள். எல்லாம் நல்லதற்குத்தான் நடந்திருக்கிறது.

இன்றைக்கும் எச்செம்மின் முதுகில் தண்ணீர் ஊற்றினேன். விட்டால் பழக்கம் போய்விடும். அடுத்த வைகாசியில் மறுபடியும் எல்லாரும் கோயிலில் வந்து நிற்பார்கள்.

இந்த முறை அம்மா மட்டும்தான் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை.