எடுத்து வைத்த கடிதம்

றோலண்ட் மச்சான், எங்கள் தோட்டத்தில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் சுகந்தன் மாஸ்டரைத்தான் தேடி வருவார்கள். காசு வாங்க மாட்டேன். அப்படியிருக்க உங்கள் நாட்டுக்கு வர அம்மாவுக்குப் போட்ட விசா மட்டும் எப்படித் தவறியது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அம்மாவின் பேங்க் கணக்கில் எப்போதும் சில ஆயிரங்கள்தான் கிடக்கும். வேலையிலிருந்து நின்றதும் ஈ.பி.எப் சேமிப்பும் சேவைக்காலப் பணமும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. அதைப் பார்க்கிற அதிகாரி, விசாவுக்குக் காட்டக் கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்றுதான் நினைப்பார். அதற்காகத் தோட்டத்து ஆபீசில் ஒரு கடிதம் வாங்கினோம். முப்பத்து நான்கு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்ததற்கான பணம் இது என்று மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்காக அம்மா மழையில் இரண்டு நாள் ஆபீஸ் வாசலில் நின்றார்.

அந்தக் கடிதத்தை நான் பைலிலிருந்து எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. நோயில் படுத்திருந்த தங்கச்சி ஜெனிதா அங்கிருந்து அனுப்பிய அழைப்பைக்கூட முதல் தாளாக வைத்தேன்.

என் நிலைமையையும் பாருங்கள். ஏஞ்சலா என்னையும் பிள்ளைகளையும் விட்டுக் குவைத்துக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். சின்னவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். விசா கிடைத்தால் அம்மா ஆறு மாதம் அங்கே. அந்த ஆறு மாதத்தை நான் எப்படி ஓட்டுவது?

மறுப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. பணம் வந்த வழி தெரியவில்லை என்று எழுதியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"என்ன தம்பி போட்டிருக்காங்க?"

கொழும்பில் கைரேகை எடுத்தபோது மெஷின் நாலு தடவை அம்மாவின் விரலை ஏற்கவில்லை. அது சட்டென்று ஞாபகம் வந்தது.

"உங்க ரேகை சரியா விழலையாம், அம்மா."

அம்மா இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "கொழுந்து பறிச்ச கையில ரேகை எங்கப்பா இருக்கும். என் கையாலதான் எம்புள்ளைய பாக்க முடியாம போச்சு" என்றார். நான் திருத்திச் சொல்லவில்லை.

மறுபடி போடச் சொல்லி நீங்கள் போன் எடுத்தீர்கள். ஆறு மாதம் கழித்துத்தான் போடலாம் என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது. மறுப்பு வந்த நாற்பத்தேழாம் நாள் ஜெனிதா போய்விட்டாள். அடக்கத்தை அம்மா என் போனில் பார்த்தார். படம் நின்று நின்று வந்தது. சின்னவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் அம்மா சத்தம் போட்டு அழவில்லை.

டிசம்பரில் ஏஞ்சலா வந்ததும் அம்மாவை அனுப்பலாம், அதுவரை தங்கச்சி தாங்குவாள் என்று நம்பினேன். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

உங்களிடம் அது செல்லாது. ஜெனிதாவுக்கு டொக்டர் இரண்டு மாதம்தான் சொன்னார் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அன்றைக்கு அந்தக் கடிதம் பைலில்தான் இருந்தது. மறுநாள் காலையில், பிள்ளைகளுக்கு அம்மா ரொட்டி சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எடுத்தேன். ஜெனிதா எப்படியும் போகப் போகிறவள், இனி அவளுக்கு அம்மா எதற்கு என்று நினைத்துத்தான் எடுத்தேன்.