மருதப்பனார் வைத்த இரண்டு புள்ளிகள்

தலைமை தாங்கும் மளிகைக்கடை சாகுல் ஹமீது அவர்களே! கணவரை இழந்து நிற்கும் மங்களம் அம்மையாரே! வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் பொத்தோங் பாசீர் கம்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வாசிப்பு மன்றத்தின் செயலாளராக உங்கள் முன் நிற்கிறேன். நிற்கவே கூசுகிறது.

பால்காரர், மன்றத்தின் வானொலிக் காப்பாளர், பெருந்தகை மருதப்பனார் சென்ற செவ்வாய்க்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார்.

மின்சாரம் எட்டிப் பார்க்காத நம் கம்பத்துக்கு, இந்தச் சின்னக் கிராமத்துக்கு, 1955இல் சிராங்கூன் ரோட்டிலிருந்து லாரியில் வந்து இறங்கியது இந்த வானொலி. இடுப்பளவு உயரப் பெட்டி, அடியில் பாட்டரி. அந்தப் பாட்டரியைச் சனிக்கிழமைதோறும் பால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றி வந்தவர் யார்? மருதப்பனார்! மழைக்கு நின்றாரா? காய்ச்சலுக்கு நின்றாரா? ஒரு வாரம் தவறியதுண்டா?

டயலைப் பாருங்கள். கண்ணாடியில் லண்டன் இருக்கிறது, பாரிஸ் இருக்கிறது; நம் சிங்கப்பூர் இல்லை. எழுத்தெல்லாம் ஆங்கிலம். பிற்பகலில் பாட்டுக் கேட்க வரும் தாய்மார்கள் முள்ளை எங்கே நிறுத்துவார்கள்? ஆண்கள் வேலையில் இருப்பார்கள். மருதப்பனாரோ பால் ஊற்றப் போயிருப்பார். என்ன செய்தார் தெரியுமா? பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசி மிஞ்சிய சாயத்தை எடுத்தார். கண்ணாடியில் சிவப்பாக ஒரு புள்ளி, நீலமாக ஒரு புள்ளி வைத்தார். "செவப்புல நிறுத்துனா சிங்கப்பூரு, நீலத்துல நிறுத்துனா சிலோன். அவ்வளவுதான் தாயி" என்றார். அதோ அமர்ந்திருக்கிறாரே ரத்தினம்மா, அன்று முதல் யாரையும் எதிர்பாராமல் டயலைத் திருப்பியவர் அவர்.

அந்தப் புள்ளிகள் இப்போது எங்கே? நான்தான் சுரண்டினேன்!

1957 ஆண்டு விழாவுக்குப் பெரிய விருந்தினர் வருவதாக இருந்தது. மாட்டுச் சாயம் பூசிய வானொலியைப் பார்த்தால் நம்மை என்ன நினைப்பாரோ என்று வெட்கப்பட்டேன். பிளேடும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து துடைத்தெடுத்தேன். வந்தவர் வானொலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மருதப்பனார் வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"வாத்தியாரே, மறுபடி வெச்சிடட்டுமா? பொம்பளைங்க தடுமாறுறாங்க."

"மன்றத்துச் சொத்துங்க. கமிட்டில தீர்மானம் போட்டுத்தான் எதையும் செய்யணும்."

கமிட்டியில் எதைப் பேசுவது என்று எழுதுபவன் யார்? நான்! ஒருமுறையாவது இதை எழுதினேனா? முதலில் வீம்பு, பிறகு மறதி, அதன்பிறகு, இனி எந்த முகத்தோடு இந்தப் பேச்சை எடுப்பது என்ற கூச்சம். இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். தாய்மார்களும் பிற்பகலில் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பாட்டரி? இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வரை சைக்கிளில் வந்துகொண்டிருந்தது!

"தப்பு என்னுதுங்க" என்று அவர் இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! மங்களம் அம்மா, உங்களிடம்தான் இப்போது சொல்ல முடிகிறது.

இனிச் சனிக்கிழமைதோறும் பாட்டரியை நான் சுமப்பேன். இது உறுதி. புள்ளிகள் எந்த இடத்தில் இருந்தன என்பது சுரண்டிய எனக்கு நினைவில்லை. ரத்தினம்மாவே காதால் கேட்டுக் கண்டுபிடித்து, தம் கையால் வைத்துத் தர வேண்டும். தலைவரின் அனுமதியோடு இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஏற்பவர்கள் கை தூக்குங்கள்.

எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. நன்றி.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா, ஐயா மருதப்பனாரே, உங்களை ஐந்து வருடம் காக்க வைத்தேன்!