உப்புக்கல் கண்ட கேமராவும் உள்ளே போகாத நானும்

நடுநாற்காலியில் அமர்ந்து, போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்திருக்கும் அவைத்தலைவர், துரு ஆய்வு நிலையத்தின் இயக்குநர் டாக்டர் குருநாதன் அவர்களே! அவருக்கு வலப்புறம் செபமாலையைக் கையில் சுற்றியபடி செவிசாய்த்திருக்கும் எங்கள் பங்குச்சாமி அவர்களே! இடப்புறம், நம் குடியிருப்பு மாதர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தம் மண்டபத்தைத் திறந்துவிட்டு, விளக்கையும் ஏற்றிவைத்த தேனம்மை ஆச்சி அவர்களே! முன்வரிசையில், நீலத் துப்பட்டாவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆய்வு உதவியாளர் தங்கை கல்யாணசுந்தரி அவர்களே! கண்டாங்கி கட்டிக் களையோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சாமி அண்ணன் அவர்களே! கடைசியாக, கடைசித் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் என் வீட்டுக்காரர் மரிய ஆனந்த் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் சகாயம்மாளின் பணிவான வணக்கம்.

தூணுக்குப் பின்னால் நிற்கிறவரைக் கொஞ்சம் இங்குட்டு வந்து உட்காரச் சொல்லுங்கள். எப்படியும் அவர் பெயர் வரத்தான் போகிறது.

இல்லறமும் அறிவியலும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இனிய தலைப்பு. ஆனால் என் நெஞ்சில் இருப்பது அது அல்லவே! என் நெஞ்சில் எரிவது என்ன? என் நித்திரையைக் கெடுப்பது என்ன? பொறாமை, தாய்மார்களே, பொறாமை! பங்குச்சாமி என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பொறாமை பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். பாவம் என்று தெரியும். ஆனாலும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

யார் மேல் என்று கேட்கிறீர்களா? ஒரு கேமரா மேல்!

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் சொல்கிறேன்.

போன ஆவணியில் நிலையத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. அதற்குள் வைக்கோலுக்குப் பதில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுக்கட்டி. அதற்குள் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேமரா. கல்யாண வீட்டில் நிற்கிற கேமரா இல்லை, தாய்மார்களே. நுண்ணோக்கியின் தலையில் திருகி வைக்கிற கேமரா. உப்புக்காற்று பட்டு இரும்பில் விழுகிற ஊசிமுனைக் குழியை அது கண் போலப் பார்க்கும். பார்த்ததைக் கம்பி வழியே கணிப்பொறிக்கு அனுப்பும். கணிப்பொறிக்குள் ஏற்றிய மென்பொருள், குழி எத்தனை, எது பெரிது, எது சிறிது என்று எண்ணிச் சொல்லும்.

அதைப் பொருத்தும் பொறுப்பு யாருக்கு? தூணுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு.

அன்று போனவர்தான்! உடல் மட்டும் வீட்டுக்கு வரும், உள்ளம் அங்கேயே இருக்கும். கணிப்பொறியின் வயிற்றைத் திறந்து, படத்தை வாங்குகிற அட்டையைச் செருகினார். அட்டை உட்கார்ந்தது, படம் வரவில்லை. பிளாப்பி பிளாப்பியாக மென்பொருளை ஏற்றினார். படம் வந்தது, நிற்கவில்லை. பழைய டிவி மாதிரி மேலும் கீழும் ஓடியது. அந்த ஓட்டத்தை நிறுத்துகிறவரைக்கும் எங்கள் வீட்டில் பேச்சே ஓடவில்லை.

சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நான் கூப்பிடுவேன். "என்னங்க, சாப்பிட வாரீகளா, இல்ல அந்தக் கேமராவே ஊட்டி விட்டுருச்சா?"

"செத்த இரு சகாயம். அந்த மேனுவல்ல ஒரு பக்கந்தான் பாக்கி."

"எனக்குக் காய்ச்சலடிக்கிதுங்க."

"அப்படியா? லைட்டு ஒரே சீரா விழுகணுமாம். அதாம் புடிபட மாட்டேங்குது."

கேட்டீர்களா தாய்மார்களே! திரையில் ஒரு புள்ளி வெளுத்தால் அவருக்குத் தெரியும். கட்டியவள் முகம் வெளுத்தால் தெரியாது!

தேனம்மை ஆச்சி ஒருநாள் வாசலிலே மறித்துக் கேட்டார்கள். "ஏண்டி சகாயம், ஒம் புருசன் கேமராவ வச்சுக்கிட்டு யாரைப் படம் புடிக்கிறான்?"

"துருப்பிடிச்ச தகரத்தை ஆச்சி."

"அடி ஆத்தி! எங்க வீட்டுப் பின்கட்டுல கெடக்குதே ஒரு வண்டித் தகரம். அத ஒரு பய எட்டிப் பாக்கலயே!"

அந்தத் தகரத்தை நானும் பார்க்கப் போனேன். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கிற சாக்கில் போனேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள், விட்டேன். வாசல்படியைத் தாண்டக் கூடாது என்றார்கள், நின்றேன். உள்ளே குளுகுளு என்று இருந்தது. கணிப்பொறிக்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி. அதிலே இந்தத் தங்கை கல்யாணசுந்தரி. பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அங்குட்டு மூலையில் இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொள்வதும் தெரிகிறது. அந்தப் பொறாமை இல்லை அம்மா இது! இவள் என் கையால் கொழுக்கட்டை தின்கிற பிள்ளை. எனக்கு இவள் மேல் பொறாமை இல்லை, இவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மேல் பொறாமை!

ஏன்? திரையிலே நான் பார்த்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் பொறாமைப்பட்டிருப்பீர்கள். நகம் அளவு இரும்புத்துண்டு, திரை நிறையச் செம்மண் பொட்டலாக விரிந்து கிடந்தது. அதிலே குளம் குளமாகக் குழிகள். கல்யாணசுந்தரி ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு சிவப்புக் கரை விழுந்தது, ஒவ்வொரு கரைக்குள்ளும் ஒரு எண் விழுந்தது. ஆண்டவர் படைத்ததை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க இவர்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்துவைத்தது? வீட்டில் எண்ணெய்க் கணக்கும் அரிசிக் கணக்கும் பிசகாமல் வருசக்கணக்காக எழுதி வருகிறவள் நான். எண்ணுகிற காரியம் ஒன்று கண் முன்னால் நடக்கிறது, என் கால் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறது!

"அக்கா, கதவைச் சாத்துங்கக்கா, தூசி வருது" என்றாள் இவள். சாத்தினேன். வெளியே நின்று சாத்தினேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். எல்லாம் பொருத்தி முடித்தபின், துரு இல்லாத, கண்ணாடிபோல் மெருகேற்றிய தகட்டை வைத்துச் சோதித்தார்கள். குழி இல்லாத தகட்டில் மென்பொருள் குழி ஒன்று என்றது! வேறு தகடு வைத்தார்கள். அதே மூலையில் அதே குழி! மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். அட்டையைக் கழற்றித் துடைத்துச் செருகினார்கள். கரண்டு சரியில்லை என்றார்கள். கம்பெனிக்குத் தந்தி போல் ஃபேக்ஸ் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசி முழுக்க இந்த ஒற்றைக் குழியிலே விழுந்து கிடந்தது நிலையம்.

கண்டுபிடித்தது யார்? இதோ, இந்தக் கல்யாணசுந்தரி! தகட்டைத் திருப்பிப் பார்த்தாள், குழி திரும்பவில்லை. நுண்ணோக்கியின் வில்லையை மாற்றிப் பார்த்தாள், குழி மாறவில்லை. "அப்ப இது தகட்டுல இல்ல சார், கேமராவுக்குள்ள இருக்கு" என்று கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடியில் கடுகிலும் சிறிய ஒரு துணுக்கு, வெள்ளையாக. தொட்டால் கரைகிறது. உப்பு!

துருவை ஆராய்கிற நிலையத்தில், கேமராவுக்குள்ளேயே உப்பு!

எப்படி வந்தது? கேமரா வந்த அன்று பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு மந்திரிக்கும்போது பீரோவைத் திறந்து வைப்போம், அரிசிப்பானை மூடியை எடுத்து வைப்போம், ஆசீர்வாதம் உள்ளே போக வேண்டும் என்று. என் வீட்டுக்காரரும் பக்தியோடு கேமராவின் மூடியைத் திருகி எடுத்துவிட்டார்! சாமிகூடக் கேட்டார்களாம். "ஏம்ப்பா ஆனந்த், தண்ணி படாதா?"

"படட்டும் சாமி, உள்ளயும் மந்திரிச்சாத்தானே நல்லது."

பட்டது. நம் கோவில் தீர்த்தத்தில் உப்பு கலந்திருக்கும். தண்ணீர் காய்ந்தது, உப்பு நின்றது.

சாமி சிரிக்கிறார்கள். சாமி மேல் குற்றம் இல்லை. தீர்த்தத்தின் மேலும் இல்லை.

ஆனால் இதைக் கேட்டபோது எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. கோவிலில் தீர்த்தத்துக்கு உப்பை அள்ளிச் சாமி கையில் கொடுக்கிறவள் யார்? நான்! தீர்த்தம் தெளித்த மேசையில் மறுநாள் வெள்ளைப் பொட்டு நிற்கும், ஈரத்துணியால் துடைக்கிறவள் யார்? நான்! எனக்கு உப்பு தெரியும், உள்ளே இருந்த குழி தெரியாது. அவர்களுக்குக் குழி தெரியும், உப்பு தெரியாது. நடுவில் நின்றது என்ன? ஒரு கதவு! நான் சாத்திய கதவு! இந்தத் தங்கை கெட்டிக்காரி, அவளே கண்டுபிடித்துவிட்டாள். வாழ்த்துகிறேன். வாய் வாழ்த்துகிறது, வயிறு வாழ்த்தவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு முக்காலி இருந்திருந்தால்? நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேனா?

தலைவர் அவர்களே! தை பிறந்ததும் இந்த மென்பொருளைப் பழக்கும் வகுப்பு நடத்தப்போவதாக நிலையத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். இடம் மிச்சம் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு இடம் கேளுங்கள் என்று வீட்டில் சொன்னேன்.

"நான் போயி எம் பொண்டாட்டிக்கு எடம் குடுங்கன்னு கேட்டா, ஆபீஸே சிரிக்கும் சகாயம்."

"நீங்க கேக்காட்டி நான் கேக்குறேன்."

"எங்குட்டுப் போயி கேப்ப?"

இங்குட்டு வந்துதான் கேட்கிறேன்! மேடை போட்டு, மைக் வைத்து, ஊரே பார்க்கக் கேட்கிறேன்!

நான் எட்டாவதோடு நின்றவள். சான்றிதழ் இல்லை. ஆனால் அவர் தூங்கியபின் அந்த மேனுவலை அகராதியை வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். எவ்வளவு கறுப்பாக இருந்தால் குழி, எவ்வளவு வெளுப்பாக இருந்தால் வெறும் கீறல் என்று முதலில் மனுசர்தான் எல்லை வகுத்துக் கொடுக்க வேண்டுமாம். அந்த எல்லைக்கு அப்புறம்தான் இயந்திரம் எண்ணுமாம். அதுவரை புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை. புரியாததைப் படிக்கத்தானே வகுப்பு? தொட விடாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். தொட வேண்டும். அந்தப் பொத்தானை என் விரல் தட்ட வேண்டும், அந்தச் சிவப்புக் கரை என் கண் முன்னால் விழ வேண்டும்!

கை தட்டுகிறீர்கள். தூணுக்குப் பின்னாலிருந்தும் ஒரு கைதட்டல் கேட்கிறது. அது யார் கை என்று எனக்குத் தெரியும்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், சேர்ந்து சிரித்த தாய்மார்களுக்கும், மண்டபம் தந்த ஆச்சிக்கும், இடையில் மைக்கை அணைக்காத தங்கச்சாமி அண்ணனுக்கும் என் நன்றி. அன்னை மரியாள் எல்லோர் வீட்டையும் காக்கட்டும். வணக்கம்.

தலைவர் அவர்களே, வகுப்பில் எனக்கு இடம் உண்டா, இல்லையா? கொஞ்சம் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.