பீங்கானில் எழுதிய துஆ

ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள், சார். அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர நேரமாகிவிட்டது. ஓடி ஒளிகிற ஆள் நான் இல்லை. சங்கரன்கோவில் பள்ளிவாசல் சுவரில் நீங்கள் பார்க்கிற அரபி எழுத்தெல்லாம் என் கை எழுதியதுதான்.

எங்கள் வாப்பா கையால் எழுதிய துஆ கிதாபு, பிரார்த்தனைப் புத்தகம், ஒன்று தங்கை கதீஜம்மாள் வீட்டில் இருந்தது. ஓரமெல்லாம் தங்கரேக்கு, மஞ்சள் பூக்கொடி. அதை அவள் புருஷன் செய்யது மசூது பிளேடால் அறுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, துபாய்க்காரர்கள் வீட்டு ஹாலுக்கு விற்றான். ஒரு துஆவின் பாதி கடையநல்லூரில் தொங்குகிறது. அதன் ஆமீன் புளியங்குடியில் யார் வீட்டிலோ. போய்க் கேட்டேன்.

“பூட்டி வச்சா யாரு பாக்கா மச்சான்? சொவத்துல மாட்டுனா நாலு பேரு பாப்பாங்கல்லா,” என்று சிரித்தான். அன்றிலிருந்து அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் அவனுக்குக் காய்ச்சல். கதீஜா வெள்ளைத் தட்டோடு வந்து நின்றாள். “ஒரு பீங்கான் எழுதித் தாண்ணே. ஊசி போட்டும் அவுஹளுக்கு விட மாட்டேங்கு.”

குங்குமப்பூக் கரைசலால் பீங்கான் தட்டில் வசனம் எழுதி, தண்ணீர் விட்டுக் கழுவி, நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது எங்களில் வழக்கம். குங்குமப்பூ கைவசம் இருந்தது. நான் அரிதாரத்தை எடுத்தேன். கிதாபில் மஞ்சள் பூவுக்குத் தீட்டுகிற விஷக்கல். தூரிகையை நாக்கில் வைத்தால் வாப்பா அடிப்பார். அதை அரைத்து, நோய் தீர்கிற வசனத்தைப் பிழையில்லாமல் எழுதி, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் நானே கழுவிக் கொடுத்தேன். பிஸ்மி சொல்லிக் குடித்தான்.

டம்ளரில் மிச்சம் இருந்தது. அந்தத் தண்ணீர் பரக்கத்து, இறையருள்; நாங்கள் தரையில் கொட்ட மாட்டோம், காலில் மிதிபடும். கதீஜா டம்ளரை எடுத்தாள்.

“பரக்கத்த வீணாக்கப்படாதுல்லாண்ணே?”

ஆமாம் என்றேன்.

மசூதைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கதீஜாவின் சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். குடிக்காதே என்றிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். ஏதாவது பொய் சொல்லவேண்டி வந்திருக்கும். அல்லாஹ்வின் வசனத்தை எழுதுகிறவன் நான், பொய் சொல்ல மாட்டேன், சார்.