வெற்றுத் தட்டில் தெரிந்த அலுமினியம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதித் தந்துள்ளேன். வயது நாற்பத்தாறு. குடியிருப்பது நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், லிப்ட் ஓடாத கட்டிடத்தின் மூன்றாம் மாடி. பதினெட்டு வருடமாக எலக்ட்ரான் நுண்ணோக்கி இயக்கி வருகிறேன். ஒரு தலைமுடியின் தடிமனைப் பல்லாயிரம் கூறாகப் பிரித்தால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அளவுள்ள துகளையும் அதில் பார்க்கலாம், அது எந்த உலோகம் என்றும் சொல்லலாம்.

சென்ற மாதம் நான்காம் தேதி காவல் நிலையத்திலிருந்து ஒரு மருந்துத் தூள் வந்தது. அதைச் சாப்பிட்ட குழந்தை ஒன்று மயங்கி விழுந்து, பிறகு தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அன்று மொத்தம் நாற்பத்தொரு மாதிரிகள், ஆள் நான் ஒருவன். தூளை ஒட்டும் தட்டே அலுமினியம் என்பதால், முதலில் வெறும் தட்டைச் சோதித்துக் குறித்துக்கொள்வது முறை. நான் சோதிக்காமலே பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது' என்று தெரிந்தே எழுதினேன். அதன் பிறகு, அந்த மருந்தில் இருக்கக்கூடாத அலுமினியம் தூளில் இருப்பதாக அறிக்கை கொடுத்தேன். மறுநாள் அதைக் கலந்து கொடுத்த கம்பவுண்டரைக் கைது செய்தார்கள்.

அதன் பிறகு முப்பத்தெட்டாம் நாள் கம்பவுண்டரின் மனைவி அதே மருந்துப் புட்டியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "அவரைப் பத்திப் பேச வரலண்ணே. எம் பொண்ணுக்கும் இதத்தான் குடுத்தாரு. அவளுக்கு ஏதாவது ஆயிடுமா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. சாப்பாட்டு வேளையில் முறைப்படி முதலில் வெறும் தட்டை வைத்தேன். தூள் வைக்கும் முன்பே திரையில் அலுமினியம் வந்தது. அன்று தூளில் இருப்பதாக நான் எழுதியது இந்தத் தட்டின் அலுமினியத்தைத்தான். அதன் பிறகு அந்தத் தூளையும், காவல் நிலையம் அனுப்பியதில் பெட்டியில் மீந்திருந்த பழைய தூளையும் தட்டு தெரியாதபடி கனமாகப் பரப்பிப் பார்த்தேன். இரண்டிலும் அலுமினியம் இல்லை.

மேலாளரிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போன ரிப்போர்ட்ட திரும்ப வாங்க முடியுமா? பேசாம போய் வேலையப் பாருங்க" என்றார். வேலையைப் பார்க்க முடியவில்லை.

நடைபாதையில் காத்திருந்த அந்த அம்மாவிடம், மருந்தில் ஒன்றுமில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஜெயில்ல எங்கிட்ட சத்தியம் பண்ணாருண்ணே. மெஷினு பொய் சொல்லுமான்னு கேட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் நான் பாக்கவே போகல" என்றார். அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். பதிவேடு பற்றிய இடத்தில் "கவனக்குறைவால் எழுதினேன்" என்று இருந்தது. அதை அடித்து "தெரிந்தே எழுதினேன்" என்று மாற்றச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "வேலை போயிடும், யோசிச்சுக்கங்க" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். திருத்தினார். இப்போது இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)