இரண்டு விரலால் மூடிப் பார்த்தது

துப்பாக்கிக்கு அளவு பார்க்கிற என் இரும்புக் கேஜ்களை யார் கேட்டாலும் கொடுப்பேன். எண்ணெய் துடைத்துத் திருப்பித் தந்தால் போதும். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வீட்டிலேயே துப்பாக்கி செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், டெபுடி. கூடவே நானும் போய், பின்வாயை அடைக்கிற போல்ட்டை ஒருமுறை மூடிப் பார்ப்பேன். இன்னொருவர் விரலும் பட வேண்டும் என்பது எங்கள் பழக்கம்.

இந்த ஷெரிஃப் ஆபீஸில் உங்கள் மேசையில் கிடப்பவை அவைதான். தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் வைத்தால், ஒன்றின் மேல் போல்ட் மூட வேண்டும், மற்றதின் மேல் மூடக் கூடாது. மூடினால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, சூடான புகை சுடுகிறவர் முகத்துக்கே திரும்பி வரும்.

என் மருமகன் டுவெய்ன் நல்ல பையன். அவன்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. அலாஸ்காவில் வேலை கிடைத்திருந்தது, என் மகள் லோரெட்டாவையும் அழைத்துக்கொண்டு போவதாக இருந்தான். அவள் அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவர்கள்தான் வருவார்கள். அவர்கள் போய்விட்டால் நான் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்புவதற்கு முன், தான் செய்துகொண்டிருந்த துப்பாக்கியை முடித்துவிட வேண்டும் என்று கராஜில் உட்கார்ந்திருந்தான். நான் போனபோது இரண்டாவது கேஜ் உள்ளே இருந்தது.

"ஆர்லன், இது மூடுற மாதிரி இருக்கு. மூடக் கூடாதுல்ல? கொஞ்சம் பாருங்க."

"நீ அழுத்தியிருப்ப. நீ கதவச் சாத்தினாலே வீடு ஆடும். தள்ளு."

இரண்டு விரலால் மெதுவாக மூடினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பாதியில் என் விரலை நிறுத்திக்கொண்டேன்.

"இதோ, நின்னுடுச்சு. நல்லாத்தான் இருக்கு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, உங்களிடம் மறைக்கவில்லை.

"அப்ப முதல் குண்டு டயர்ல கட்டித்தானே?" என்றான். புதுத் துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, லாரிக்குப் பின்னால் ஒளிந்து விசையைக் கயிற்றால் இழுப்பது இங்கே வழக்கம்.

"நான் பாத்தப்புறமும் டயரா? மாமனார நம்பாதவன்தான் கயிறு தேடுவான்."

சிரித்துவிட்டுக் கயிற்றை ஆணியிலேயே மாட்டிவிட்டான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கண் போதும். கண் போனவனை அலாஸ்காவில் யார் வேலைக்கு வைப்பார்கள்?

மறுநாள் அவர்கள் சுட்டுப் பார்க்கச் சரளைக் குழிக்குப் போனார்கள். நான் வீட்டில் மான்கறி வேகவைத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி லோரெட்டாவுக்கான பரிசு என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரியவந்தது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். டுவெய்ன் என் தோளில் சாய்ந்து அழுதான். "நீங்க சரின்னுதான் சொன்னீங்க. நான்தான் அப்புறம் எதையோ கெடுத்திருக்கேன்." அவன் இன்னும் அப்படித்தான் நம்புகிறான். போன மாதம் தனியாகவே கிளம்பிப் போனான், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

துப்பாக்கியின் மரக்கட்டையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், அதன் பின்பக்கம் குட்டையாக வெட்டியிருந்தது. அன்று கராஜிலேயே தோளில் வைத்துப் பார்த்தேன், எனக்கே பொருந்தவில்லை. டுவெய்ன் என்னைவிட ஒரு தலை உயரம். யாருடைய கை அளவு அது என்று எனக்குத் தெரிந்தது. சிறுவயதில் அவளுக்கு முதல் துப்பாக்கியை வெட்டிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு பேரில் யாருக்குக் கண் போனாலும் பயணம் நின்றுவிடும் என்று அப்போது தோன்றியது.

சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது, டெபுடி. இன்று ஞாயிற்றுக்கிழமை. தட்டில் எது எங்கே இருக்கிறது என்று நான் சொன்னால்தான் அவள் சாப்பிடுவாள்.