பத்து நிமிசம் கேக்கணுமாம்

...காது டாக்டர் இங்க கெடையாது அண்ணாச்சி, அத மொதல்லயே சொல்லிருதேன். எல்லாம் அந்தப் போர்டு செய்த வேல. ‘செவிசாய்ப்பு மனநல, குடும்ப சேவை மையம்’னு எழுதச் சொன்னா, பெயிண்டர் பய ஒரு முழ நீளத்துக்குக் காத வரைஞ்சி வச்சிட்டான். வாரத்துக்கு நாலு பேரு, காதுல சீழு வடியுதுன்னு வந்து நிக்கான். போன மாசம் ஒரு லாரி டிரைவர், சொட்டு மருந்து தந்தாத்தான் வண்டிய எடுப்பேன்னு வாசல அடைச்சி நிப்பாட்டிட்டான்!

நீங்க காதுக்கு வரலியா? அப்ப மனசுக்கா! அப்படிச் சொல்லுங்க. உக்காருங்க, உக்காருங்க... அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இங்கன ஃபேனுக்குக் கீழ வாங்க. ஜெபகனி மேடம்தான் இங்க கவுன்சிலர், நாசரேத்துக்காரங்க. உப்பளத்துப் பொம்பளையளப் பாக்கப் போயிருக்காங்க, மூணு மணிக்குள்ள வந்துருவாங்க. நான் செந்தூர்பாண்டி, ஆபீஸ் மேனேஜர். மேனேஜர்னா, தூத்துப் பெருக்குததுலேருந்து ரிப்போர்ட் அடிக்கது வரைக்கும் நாந்தான். உங்க பேரு... இருக்கட்டும், பாரம் நிரப்பும்போது கேட்டுக்கிடலாம்.

ஆனா மேடம் வந்த ஒடனே ஒங்களப் பாக்க முடியாது, பாத்துக்கிடுங்க. மூணு மணிக்கு வேற கேஸு. யாரு கேஸுன்னு கேளுங்க... கேக்க மாட்டீங்களா? என் கேஸு அண்ணாச்சி! எம் பொஞ்சாதி முருகேஸ்வரி ஓட்டப்பிடாரத்துல அவ அண்ணன் வீட்டுல போயி உக்காந்து இன்னையோட இருவத்தி மூணு நாளாச்சி. வீட்டுக்கு வருவாளா மாட்டாளான்னு இன்னைக்கு மூணு மணிக்கு இங்க வந்து சொல்லுதாளாம். பதினோரு வருசம் குடும்பம் நடத்துனவன், பரீட்ச ரிசல்ட்டுக்கு நிக்க பய மாதிரி மணியப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இதெல்லாம் யாரால? டேவிட்சன் சாரால! அவருதான் டைரக்டர். இப்ப மெட்ராஸ்ல மீட்டிங்ல இருக்காரு. அவரு எப்பமும் மீட்டிங்லதான் இருப்பாரு. ‘செந்தூர், இந்தக் காலாண்டுல இருவது குடும்பம் காட்டியாகணும், பணம் குடுக்க வெளிநாட்டுக்காரன் கணக்கு கேக்கான்’னாரு. எங்கன போயிக் காட்ட? நம்மூருல குடும்பச் சண்டைக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு கெடக்கு. ஆனா இந்தப் படியேறுனா கோட்டிக்காரன்னு பேரு வந்துருமாம், ஒருத்தன் ஏற மாட்டான். ஹார்பர் பக்கம் முகாம் போட்டோம். பேனரு, மைக்கு, ஆளுக்கு ஒரு பாக்கெட்டு மக்ரூன். கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்! மக்ரூன் தீந்து நிமுந்து பாத்தா, நானும் மைக்செட்டுக்காரனும் நிக்கோம். சரி போன்னு அவனப் போட்டோ எடுத்து, ‘மன அழுத்தத்திலிருந்து மீண்ட தொழிலாளி’ன்னு ரிப்போர்ட்டுல போட்டுட்டேன்.

என்னது கையில? போட்டோவா... மகளா? நல்ல லெச்சணமா இருக்கு பிள்ள. எம் பொஞ்சாதியும் கல்யாணத்தப்ப இப்படித்தான் இருந்தா, சிரிச்ச முகமா. பத்திரமா பைக்குள்ள வையுங்க, ஃபேன் காத்துல பறந்துரும். எங்க விட்டேன்? ஆங், இருவது குடும்பம்.

எப்படியோ பத்தொம்பது தேறிட்டு. ஒண்ணு இடிக்கி. மறுநா ரிப்போர்ட்டு போகணும். வீட்டுல போயிச் சொன்னேன், ‘ஏளா, சும்மா வந்து மேடத்துக்கு முன்னால ஒரு மணி நேரம் உக்காரு. ஒனக்கு என்ன பிரச்சனன்னு கேப்பாங்க, எதையாவது சொல்லு’ன்னு. ‘எனக்கு என்ன பிரச்சன?’ன்னா. ‘இல்லைன்னா உண்டாக்கிச் சொல்லு’ன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன் அண்ணாச்சி! ஸ்கூட்டர்ல வச்சி நானே கூட்டிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரத்துக்குப் போனவ ரெண்டரை மணி நேரம் கழிச்சி வெளிய வாரா. கண்ணும் மூக்கும் செவந்து கெடக்கு. மேடம் பின்னாலயே வந்து, ‘அடுத்த வாரமும் வாங்க முருகேஸ்வரி’ங்காங்க. நான் என்ன நெனச்சேங்கீங்க? அடேயப்பா, இவ என்னா நடிப்பு நடிச்சிருக்கான்னு நெனச்சேன்! ‘தொடர் சந்திப்பு’ன்னு ரிப்போர்ட்டுல இன்னொரு வரி ஏத்திக்கிடலாமேன்னு சந்தோசம் வேற. நாலு வாரம் இப்படி வந்தா. அஞ்சாவது வாரம் வெளிய வந்தவ ஸ்கூட்டர்ல ஏறல. நேரா போயி ஓட்டப்பிடாரம் பஸ்ஸுல ஏறிட்டா.

உள்ள என்ன சொன்னான்னு மேடத்துக்கிட்ட கேட்டா, ‘இங்க பேசுறது வெளிய போகக் கூடாது’ங்காங்க. அந்த விதிய டைப் அடிச்சி, லேமினேஷன் போட்டு, சுவத்துல ஒட்டுனவனே நாந்தான அண்ணாச்சி! அன்னா பாருங்க, கோணலா இருக்குல்லா, அதான். பீரோ சாவியும் என் இடுப்புலதான் கெடக்கு. ஒரு நா யாரும் இல்லாதப்ப தொறந்து அவ ஃபைலக் கையில எடுத்துட்டேன். விரிக்கல. வேல போயிரும்னு பயமில்ல... உள்ள என்ன எழுதியிருக்குமோன்னு பயம். அப்படியே திருப்பி வச்சிட்டேன்.

ஏன், கண்ணுல தண்ணி வடியுது ஒங்களுக்கு? தூசி அண்ணாச்சி, நிலக்கரித் தூசி. ஹார்பர்லேருந்து காத்து திரும்புச்சின்னா இப்படித்தான். சன்னல் கம்பியப் பாருங்க, தொட்டா கை கருத்துரும். கசக்காதீங்க, இந்தாங்க துண்டு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அவகிட்ட சம்மதம் கேட்டுக்கிட்டு மேடம் சொன்னாங்க. ‘நான் சொல்ல ஆரம்பிச்சத ஒரு ஆளு முழுசா முடிக்க விட்டது, பதினோரு வருசத்துல இதான் மொத தடவ’ன்னாளாம். இது ஒரு குத்தமா? நான் குடிச்சேனா, அடிச்சேனா? அவ பேச்ச நான் எப்ப அண்ணாச்சி மறிச்... இருங்க, இருங்க, நீங்க பொறவு சொல்லலாம், நான் இத முடிச்சிக்கிடுதேன்.

அதுக்கு மேடம் எனக்கு வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. இந்த வயசுல! ‘யாராவது ஒருத்தர் பேசுறத பத்து நிமிசம் குறுக்க பேசாமக் கேளுங்க. கேட்டத நாலு வரி எழுதி முருகேஸ்வரி கையில குடுங்க. அதப் படிச்சிட்டு அவங்க முடிவு சொல்லட்டும்’னு. ஒரு வாரம் டைம். டீக்கடை விஜயராஜ் அண்ணாச்சிகிட்ட போயி உக்காந்தேன். அவரு பால் வெல தப்பாச் சொல்லுதாரு, திருத்தாம எப்படி இருக்கது? பஸ்ஸுல பக்கத்துல இருந்த வாத்தியாரு நாலு ஸ்டாப்பு முன்னாலயே எறங்கிட்டாரு. இன்னைக்குத்தான் கடைசி நாளு. என்ன செய்யன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன், நீங்க படியேறி வாரீங்க. செந்தூர் முருகனே அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சி. ஒங்கள ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சதே அதுக்குத்தான்.

இந்தா, பேப்பர், பேனா. மணி... ரெண்டே முக்காலா! அம்புட்டு நேரமாயிட்டா? போகட்டும், பத்து நிமிசம் போதும். சொல்லுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்க, நாலு வரிதான எழுதணும். கோர்வையாவும் சொல்லணும். எங்க வீட்டுக்காரி மாதிரி சொல்லாதீங்க. அவ எப்படின்னா, முந்தாநா பால் திரிஞ்சதுல ஆரம்பிப்பா, பொறவு...

என்ன, எந்திரிச்சிட்டீங்க? கக்கூஸு பின்னால இருக்கு. அது வாசல் அண்ணாச்சி. செருப்பு எதுக்குப் போடுதீங்க? அண்ணாச்சி... ஏ அண்ணாச்சி! ஒங்க பேரு என்ன? பேராவது சொல்லிட்டுப் போங்க!

போயிட்டாரு.

என்னத்த எழுத? பேரு தெரியாது, ஊரு தெரியாது. அந்த போட்டோவுல இருந்தது மகளான்னு கேட்டேன்... அவரு தலையாட்டுனாரா, இல்லியா? பிள்ளைக்கு என்னவோ? துண்டு இந்தா நனைஞ்சி கெடக்கு. ஒரு தூசிக்கு இம்புட்டுத் தண்ணியா வரும்? தூசி இல்ல போலுக்கு. தூசி இல்லவே இல்ல... அடப்பாவி, செந்தூர்பாண்டி!

ஆட்டோ சத்தம் கேக்கு. அவதான். பேப்பர் வெள்ளையா கெடக்கு.

வா முருகேஸ்வரி, வா... உக்காரு. அங்கன வேண்டாம், கால் ஆடும், இங்கன ஃபேனுக்குக் கீழ உக்காரு. இன்னைக்கு நீதான் பேசுத. நான் வாயே தொறக்க மாட்டேன், பாத்துக்க. அது ஏன்னு மட்டும் மொதல்ல சொல்லிருதேன், கேளு...